ரெவிட்டில் டிக் அடிக்கக்கூடிய செக்லிஸ்ட் அமைப்பது

வரைபடத்தாளின் ஓரத்தில் ‘அனுமதிக்கு’, ‘கட்டுமானத்துக்கு’ என்று நான்கு கட்டம் வரைந்து, ஒவ்வொரு முறையும் டிக்கை நகல் எடுத்து ஒட்டுகிறவர்கள் இன்னும் பலர். எந்தத் தாளில் டிக் விட்டுப்போனது என்று இந்த முறையில் கண்டுபிடிக்க வழியே இல்லை. கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டில் யெஸ்/நோ பாராமீட்டரை (ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்பு கொண்ட அமைப்பு) வைத்து இதை முறையாகச் செய்யலாம். அடிப்படை இதுதான்: கட்டம் எப்போதும் தெரியும் கோடு. டிக், பாராமீட்டர் சொன்னால் மட்டும் தெரியும் கோடு.

திரும்பத் திரும்ப வைக்கக்கூடிய குறியீட்டின் வார்ப்புக்கு ரெவிட்டில் ஃபேமிலி என்று பெயர். நியூ ஃபேமிலியில் அனோடேஷன்ஸ் ஃபோல்டருக்குள் போய் மெட்ரிக் ஜெனெரிக் அனோடேஷன் டெம்ப்ளேட்டைத் திறங்கள். நடுவில் இருக்கும் சிவப்புக் குறிப்பை அழித்துவிடுங்கள். மறந்தால் அதுவும் வரைபடத்தில் வந்து உட்காரும். இரண்டு ரெஃபரன்ஸ் பிளேன்கள் (வழிகாட்டிக் கோடுகள்) வெட்டும் புள்ளிதான் செருகும் புள்ளி. கட்டத்தின் இடது கீழ் மூலையை அதில் வையுங்கள். அனோடேஷன் ஃபேமிலியில் போடும் அளவு காகித அளவு. 3 மிமீ என்று வரைந்தால் வியூவின் ஸ்கேல் எதுவானாலும் அச்சில் 3 மிமீதான். ஆனால் ஏ1 தாளை ஏ3-யில் பாதியாக அச்சடிக்கும் வழக்கம் இருந்தால் அது 1.5 மிமீ ஆகி, டிக் புள்ளியாகிவிடும். அந்த அலுவலகங்களில் 4 மிமீ கட்டம், டிக்குக்கு மெல்லிய கோட்டுக்குப் பதில் சாலிட் ஃபில்டு ரீஜன் (உள்ளே நிரப்பிய வடிவம்).

இப்போது முக்கியமான வேலை. டிக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸில் விசிபிள் என்ற வரியின் வலது ஓரத்தில் இருக்கும் சிறிய பொத்தானை அழுத்துங்கள். புதிய பாராமீட்டர் உருவாக்கி ‘டிக்’ என்று பெயர் வைத்து, இன்ஸ்டன்ஸ் (ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி மதிப்பு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். டைப் என்று விட்டுவிட்டால் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கும்போது அந்த டைப்பில் உள்ள எல்லாக் கட்டங்களிலும் டிக் விழும். ‘வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இரண்டாவது புகார், டிக்கை எடுத்த பிறகும் ஃபேமிலி எடிட்டரில் அது மங்கலாகத் தெரிவது. அது பிழையல்ல, எடிட்டர் அப்படித்தான் காட்டும். ப்ராஜெக்டில் ஏற்றிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பக்கத்தில் வரும் எழுத்துக்கு டெக்ஸ்ட் போடாதீர்கள், பாராமீட்டரின் மதிப்பைக் காட்டும் லேபிள் போடுங்கள். அதற்கு ஒரு டெக்ஸ்ட் பாராமீட்டர், அதுவும் இன்ஸ்டன்ஸ். லேபிள் பெட்டியின் அகலத்தை 80 மிமீ வரை இழுத்துவிடுங்கள். குறுகலாக இருந்தால் வாசகம் இரண்டாம் வரிக்கு இறங்கி அடுத்த கட்டத்தின் மேல் ஏறும். கூடவே ‘வரிசை எண்’ என்று ஓர் இன்டீஜர் பாராமீட்டரும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

ப்ராஜெக்டில் ஏற்றி, அனோடேட் டேபில் சிம்பல் கொண்டு தாளில் 6 மிமீ இடைவெளியில் வரிசையாக வையுங்கள். கட்டத்தின் மேல் சொடுக்கினால் டிக் மாறாது. அந்த வசதி ரெவிட்டில் இல்லை. ப்ராப்பர்ட்டீஸில்தான் மாற்ற வேண்டும். இருபது வரி உள்ள செக்லிஸ்டுக்கு இது எரிச்சல். இதற்குத்தான் நோட் பிளாக், அதாவது வைத்த சிம்பல்களைப் பட்டியலிடும் அட்டவணை. வியூ டேபில் ஸ்கெட்யூல்ஸுக்குள் நோட் பிளாக்கைத் தேர்ந்து, இந்த ஃபேமிலியைக் காட்டி, வரிசை எண், வாசகம், டிக் மூன்றையும் சேருங்கள். வரிசை எண்ணை வைத்து சார்ட் செய்யுங்கள். அட்டவணையில் டிக் பத்தி சொடுக்கக்கூடிய பெட்டியாகவே வரும். அங்கே சொடுக்கினால் தாளிலும் மாறும். ஒவ்வொரு சிம்பலையும் தனி வரியாகக் காட்டும் இட்டமைஸ் எவ்ரி இன்ஸ்டன்ஸ் ஆனில் இருக்கட்டும். ஆஃப் செய்தால் ஒரே வரியாகச் சேர்ந்தவை எல்லாம் ஒரே சொடுக்கில் மாறிவிடும். இங்கே ஒரு வரியை அழித்தால் தாளில் உள்ள சிம்பலும் போய்விடும் என்பதையும் அணியில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

நோட் பிளாக்கையே தாளில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வைத்தால் பெட்டிகள் மறைந்து ‘யெஸ்’, ‘நோ’ என்ற சொற்கள்தான் அச்சாகும். ஆகவே அது திரையில் வேலை செய்ய மட்டும், தாளுக்கு சிம்பல்.

டைட்டில் பிளாக்கில் (தாளின் சட்டமும் விவரப் பெட்டியும்) வரும் ‘அனுமதிக்கு’, ‘கட்டுமானத்துக்கு’ போன்ற நிலைக் கட்டங்கள் வேறு கதை. அங்கே நான்கில் ஒன்றுதான் இருக்க முடியும். தனித்தனி டிக் கொடுத்தால் அவசரத்தில் யாராவது இரண்டை அடித்துவிடுவார்கள். மேலே செய்த ஃபேமிலியை டைட்டில் பிளாக் ஃபேமிலிக்குள் ஏற்றி நான்கு முறை வையுங்கள். டைட்டில் பிளாக்கில் ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு இன்டீஜர் இன்ஸ்டன்ஸ் பாராமீட்டர், பிறகு நான்கு யெஸ்/நோ பாராமீட்டர்கள்; அவையும் இன்ஸ்டன்ஸ்தான். முதலாவதன் ஃபார்முலா பத்தியில் ஸ்டேட்டஸ் = 1, அடுத்ததில் ஸ்டேட்டஸ் = 2, இப்படியே. ஒவ்வொரு கட்டத்தின் டிக்கையும் அதற்குரிய பாராமீட்டரோடு இணையுங்கள். எண்ணை மாற்றினால் பழைய டிக் தானாகப் போய்விடும். ஃபார்முலா உள்ள நான்கும் ப்ராப்பர்ட்டீஸில் சாம்பல் நிறமாகி, சொடுக்க முடியாமல் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டும். ஃபார்முலாவில் பெயரின் பெரிய, சிறிய எழுத்து அப்படியே பொருந்த வேண்டும். பெயரில் ஹைஃபன் இருந்தால் ரெவிட் அதைக் கழித்தலாகப் படிக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எல்லாத் தாள்களையும் ஒரே நேரத்தில் மாற்ற, ஒரு டைட்டில் பிளாக்கின் மேல் ரைட் கிளிக் செய்து, செலக்ட் ஆல் இன்ஸ்டன்சஸ், இன் என்டயர் ப்ராஜெக்ட். பிறகு ஸ்டேட்டஸ் எண்ணை ஒருமுறை அடித்தால் போதும். அந்த டைப்பில் உள்ள டைட்டில் பிளாக்குகள் மட்டுமே இதில் சேரும். ஏ1, ஏ3 இரண்டும் இருந்தால் இரண்டு தடவை செய்ய வேண்டும்.

பிடிஎஃப் ஆக்கிய பிறகு இந்தக் கட்டங்கள் வெறும் கோடுகள். தளத்தில் இருக்கும் பொறியாளர் டேப்லெட்டில் டிக் அடித்து அனுப்ப வேண்டுமென்றால், பிடிஎஃப் எடிட்டரில் அதே இடத்தின் மேல் ஃபார்ம் ஃபீல்டு தனியாக வைக்க வேண்டும். அந்த டிக் ரெவிட்டுக்குத் தானாகத் திரும்பி வராது. பார்த்து நோட் பிளாக்கில் கையால் ஏற்றுவதுதான் வழி.