நடைபாதைக்கு ஆள் போடுகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் தண்டையார்பேட்டை டீக்கடையில் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். நகரமைப்பு படித்த பிள்ளைகள். ஒரு மாநகராட்சியில் நடைபாதை, சைக்கிள் வேலைக்குத் தனிப்பிரிவு வந்தால் எப்படி ஆள் போடுவது என்று தாள் தயாரித்திருந்தார்கள். "பாத்துச் சொல்லுங்க சார்." பார்த்தேன். என் இளவயதில் நான் போட்ட அதே படம். 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு கட்டம், அதை மற்றவர்களோடு சேர்க்கும் புள்ளிக்கோடு. ஆள் பற்றாக்குறை, சம்பளத் தாமதம் எல்லாம் அவர்களே பட்டுத் தெரிந்துகொள்வார்கள். மற்ற தவறுகளைச் சொல்கிறேன்; கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

கூடுதல் பொறுப்பு

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்பது அதில் உண்டு. பணம் வந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு யார் மேசையில் இருக்கும்?

எனக்கு நடந்தது இது. அலுவலகப் பெயர் வேண்டாம், வடசென்னை என்பது போதும். சாலையும் வடிகாலும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு உதவிப் பொறியாளர் (ஏ.இ.) தலையில் 'நடைபாதை, கூடுதல் பொறுப்பாக' என்று ஆணை விழுந்தது. உதவிக்கு 11 மாத ஒப்பந்தத்தில் நான். அக்டோபர் வந்ததும் அவர் தூர்வாரப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் நின்றால் தெருவில் நின்று திட்டு வாங்குவது அவர்தான்.

அப்போது புதிதாகப் போட இருந்த நடைபாதையின் நடுவே ஒரு பில்லர் பாக்ஸ், அதாவது தெருவில் நிற்கும் மின் இணைப்புப் பெட்டி. அதற்கும் மதில் சுவருக்கும் இடையே 70 செ.மீ. நானே டேப் வைத்து அளந்தேன். இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டுதல்படி (ஐ.ஆர்.சி. 103) தடையில்லாமல் 1.8 மீட்டராவது வேண்டும். மீன் கூடை சுமந்த ஒரு அக்கா பக்கவாட்டில் திரும்பி நுழையப் பார்த்தார், கூடை இடித்தது, முனகிக்கொண்டே ரோட்டில் இறங்கினார். அங்கே துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்கள்.

பாக்ஸை நகர்த்த டெபாசிட் கட்டச் சொல்லி எஸ்டிமேட் வந்தது. அந்த வாரமே ஏ.இ. மாற்றலானார். கூடுதல் பொறுப்பு ஆணை அவர் பெயருக்கு; புதியவர் "எனக்கு ஆணை இல்லையே" என்றார். சரியான பதில். ஒப்பந்த ஊழியனான என் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை. எஸ்டிமேட் காலாவதியானது, என் 11 மாதமும் முடிந்தது. பிறகொரு நாள் அந்தப் பக்கம் போனால் கிரானைட் போட்டிருந்தார்கள். பாக்ஸைச் சுற்றிக் கல்லை அவ்வளவு நேர்த்தியாக வெட்டிப் பதித்திருந்தார்கள். அந்த நேர்த்தியை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனவே ஆணையில் ஆளின் பெயரை எழுதாதீர்கள், பதவியை எழுதுங்கள். செயற்பொறியாளர் நிலையில் ஒரு நிரந்தரப் பணியிடம் கேளுங்கள். ரோடு வெட்டும் அனுமதியும் நடைபாதை பில்லும் அந்த மேசை வழியாகத்தான் போக வேண்டும். பில்லை நிறுத்த முடிகிறவர் கூப்பிட்டால் ஒப்பந்ததாரர் முதல் மணியிலேயே போனை எடுப்பார். அவருக்குக் கீழே எத்தனை பேர் என்பதை அப்புறம் பேசலாம்.

ரிப்பன் மாளிகையோடு நிற்பது

2011 விரிவாக்கத்தில் சென்னையை மண்டலம் 15, வார்டு 200 என்று பிரித்தார்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என வடக்கே மட்டும் ஆறு மண்டலங்கள். தலைமையகத்தில் மட்டும் ஆள் இருந்தால் போதாது, மண்டலத்துக்கு ஒருவராவது வேண்டும்.

எல்லாரும் சிவில் இன்ஜினியர்

வண்ணாரப்பேட்டை துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கடைக்காரரோடும் தரைக்கடைக்காரரோடும் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருவர் ஏன் வேண்டும் என்று புரியும். தெருவோர வியாபாரிகள் சட்டமும் 2014தான். அதன்படி விற்பனைக் குழு ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்துக்கு உங்கள் பிரிவிலிருந்து ஆள் போகாவிட்டால், நீங்கள் வரைந்த நடைபாதையில் யார் உட்காருவது என்பதை வேறு யாராவது முடிவு செய்வார்கள்.

சைக்கிள் என்றால் வாடகை சைக்கிள்

போன் ஆப்பில் எடுக்கும் வாடகை சைக்கிளுக்கு ஒரு மேலாளரைப் போட்டுவிட்டு 'சைக்கிள் பிரிவு' என்று போர்டு மாட்டாதீர்கள். கொருக்குப்பேட்டையில் கேரியரின் இரு பக்கமும் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு மிதிக்கிறவருக்கு ஆப் எதற்கு?

வெளிநாட்டுப் பயிற்சி

அதற்குப் பதிலாக மணலிக்கு நடந்து போய்வரட்டும்.

ஏசி அறையில் நேர்முகத் தேர்வு

பழைய ஜெயில் ரோட்டில், ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் வையுங்கள். சாலையைக் கடந்து வரச் சொல்லுங்கள். எங்கே நின்றாய், எவ்வளவு நேரம் நின்றாய், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். சொல்லாமலே டேப் எடுத்து வந்தவர் யாராவது இருந்தால், மதிப்பெண் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.