வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

சென்னையில் மடிப்பாக்கம், குரோம்பேட்டை பக்கம் தனி வீட்டின் மாடியையோ பின்போர்ஷனையோ வாடகைக்குப் பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தப் போர்ஷனுக்குத் தனி ஈபி இணைப்பு இருக்கிறதா, இல்லை ஓனர் இணைப்பிலிருந்தே கரண்ட் எடுத்து உங்கள் பங்கை மட்டும் அளக்கிற சப் மீட்டர்தானா என்று கேட்டு, இணைப்பு எண்ணையும் பழைய பில் ஒன்றையும் வாங்கிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும், 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படியில் இருக்கிற மலிவு விலையும் போய்விடும். சப் மீட்டர் என்றால் ஓனர் வீட்டு ஏசியும் உங்கள் ஃபேனும் ஒரே பில்லில் சேர்ந்து மேல்படிக்குப் போகும், உங்களிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட்டாக வாங்குவார்கள், அந்த இலவச 100 யூனிட் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது. வாடகை ஆயிரம் ரூபாய் குறைவாகத் தெரிகிற வீடு கோடையில் அப்படிக் குறைவாக இருக்காது. பேரம் பேச இதுவே நல்ல இடம், ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்தான்.

தனி இணைப்பு என்றாலும் பழைய பாக்கி இல்லையா என்று பார்த்துவிட்டு, குடிபோகிற அன்று ரீடிங்கை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.

ஏசி இல்லாமல் ஒருவர் மட்டும் இருக்கப் போகிறீர்கள், அல்லது கரண்டும் வாடகையிலேயே சேர்த்தி என்றால் இவ்வளவு ஆராய வேண்டியதில்லை.