பாக்கெட்டின் முதுகு: உணவு விளம்பரத்தை அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது வாங்கிய காபித் தூள் பாக்கெட்டை வகுப்புக்குக் கொண்டுபோனேன். முகப்பில் பனிமூட்டம், சில்வர் ஓக் மரங்கள், சிவந்த காபிப் பழங்கள், 'மலையின் மணம்' என்று ஒரு வரி. "இது நம்மை எப்படி வாங்க வைக்கிறது?" என்று கேட்டேன். "பொய் சொல்றாங்க சார்!" என்று பதினொன்றாம் வகுப்பே கத்தியது.

எல்லாரும் செய்கிற முதல் தவறு இது, பொய்யைத் தேடுவது. அந்த முகப்பில் பொய்யே கிடையாது. ஏற்காட்டில் பனியும் உண்டு, காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும் உண்டு. பாக்கெட்டைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'காபி 53%, சிக்கரி 47%'. சட்டப்படி அந்த விகிதமும் சரிதான். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவே. சிக்கரி இருந்தால்தான் டிகாக்ஷன் கெட்டியாக இறங்கும் என்பவர்கள் சேலத்தில் நிறைய. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஏறக்குறைய பாதி சிக்கரி என்றால், படத்தில் ஒரு சிக்கரி வேரையாவது காட்டியிருக்கலாமே? சொன்னதை மட்டும் அலசிக்கொண்டிருந்தால் சொல்லாமல் விட்டது கண்ணில் படாது.

கடலை எண்ணெய் டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போடுவதும் இதே கதை. உண்மைதான். ஆனால் தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. நம் தெரு செக்கில் ஆட்டுகிற எண்ணெயிலும் இல்லை. செக்குக்காரர் அதை எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, உத்திக்குப் பேர் வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது. நடிகர் வந்தால் 'பிரபலம்', பாட்டி வந்தால் 'பாசம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரைக் குறிவைத்து என்று கேட்க வேண்டும். பாலில் கலக்கும் பவுடர் விளம்பரத்தைப் பாருங்கள். குடிப்பது பிள்ளை, பயப்படுவது அம்மா. பிள்ளை உயரமாகவில்லை, மார்க் குறைகிறது என்றால் குற்றவாளிக் கூண்டில் அவர்தான் நிற்கிறார், அப்பா எங்கேயோ பேப்பர் படிக்கிறார். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போகும். சர்க்கரை எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே போதும். இந்த மாதிரி பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது 2024 ஏப்ரலில்தான்.

அப்புறம், டிவி விளம்பரத்தைப் பிழிந்தெடுத்துவிட்டு உள்ளூர் போர்டைச் சும்மா விடுவது. எங்கள் பக்கத்துத் தெருவில் தட்டுவடை செட் (தட்டைகளுக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்துத் தரும் சேலத்துத் தின்பண்டம்) கடைகள் மூன்று. மூன்றிலும் 'ஒரிஜினல்' என்ற சொல். பையன்கள் போய் விசாரித்தார்கள். ஒரு கடைக்காரர் கேரட் துருவலை அள்ளி வைத்துக்கொண்டே சொன்னாராம்: "நான் கடைப் பேரை மட்டும்தான் எழுதச் சொன்னேன் தம்பி. இடம் மிச்சம் இருக்குன்னு பெயிண்டர் சேர்த்துட்டார்."