பாய்ஸ் சிம்பொனி எல்.பி.யில் இரைச்சல் போக்கிய என் அனுபவம்

லண்டனில் ஒரு பழைய பொருள் கடையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பாய்ஸின் எட்டு சிம்பொனிகள் அடங்கிய எல்.பி. (வினைல் இசைத்தட்டு) கிடைத்தது. 1760-இல் அச்சான இசை, எல்லாமே சின்னச் சின்னவை, ஐந்தாவதில் டிரம்பெட்டும் டிம்பனி முரசும் சேர்ந்து முழங்கும்போது மனசு நிறைந்துவிடும். ஆனால் மெதுவான பகுதிகளில் வயலினுக்கு மேலே எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரே சத்தம்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பெரிய கீறல் இல்லை, மங்கலாக அழுக்குதான் படிந்திருந்தது. சரி, கழுவினால் போகும். காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, நடு லேபிளில் ஈரம் படாமல், மென்மையான பிரஷ்ஷால் வரிகளின் போக்கிலேயே சுற்றித் தேய்த்து, அப்புறம் வெறும் வடிநீரில் நன்றாக அலசினேன். அலசுவதுதான் முக்கியம், சோப்பு காய்ந்து தங்கினால் அதுவே சத்தம் போடும். (அரக்கால் ஆன பழைய 78 ஆர்.பி.எம். ஷெல்லாக் தட்டுக்கு மட்டும் ஆல்கஹால் கூடவே கூடாது, அரித்துவிடும்.) நிமிர்த்தி வைத்து உலர்த்தி, ஊசியையும் பின்னாலிருந்து முன்னால் துடைத்தேன். பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாற்றினேன், இல்லாவிட்டால் அதே தூசி திரும்ப ஏறும்.

இப்போது ஹார்ப்சிகார்ட் என்ற பழைய கீபோர்டு வாத்தியம்கூடத் தனியாகக் கேட்கிறது. அங்கங்கே ஒரு டிக் மட்டும் மிச்சம், அது மெல்லிய கீறல், கழுவிப் போகாது.