கோடு அஞ்சு, வேகம் பூஜ்யம்: 4ஜி ஆன்டெனா மாட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வேலை பழகும் ஒரு தம்பியைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். ஏணியிலிருந்து இறங்கியவர், "அண்ணே, அஞ்சு கோடும் வந்திருச்சு" என்று சிரித்தார். ரூட்டரின் பின்பக்கம் பார்த்தேன். என்னுடைய பழைய முட்டாள்தனம் அப்படியே அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

சிம்மைத் திருப்பிப் போடுவது, ரூட்டரை அலமாரிக்குள் வைப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரே நாளில் தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டு துளைக்கு ஒரு ஆன்டெனா

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் எங்களுக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான். டவுனைத் தாண்டினால் இருபக்கமும் செம்பனை, உள்ளே தோட்டத் தொழிலாளர் லயங்கள். 3ஜி காலத்தில் அங்கே லைன் வேண்டுமென்றால் உயரமான ஒரு குழாய், மீன்முள் மாதிரி ஒரு யாகி ஆன்டெனா, ஒரு கேபிள், அவ்வளவுதான். 2021 இறுதியில் நாட்டில் 3ஜியை மூடினார்கள். அதற்கு முன்பே வீடுகளுக்கு 4ஜி ரூட்டர் வந்துவிட்டது. என் கைதான் 3ஜியிலேயே நின்றுவிட்டது.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பள்ளி. லயத்து வீட்டு அக்கா ஒருவருக்கு 4ஜி ரூட்டர் மாட்டினேன். பின்னால் இரண்டு துளை இருந்தது. ஒன்றில் யாகியைச் சொருகினேன், மற்றதில் ரப்பர் மூடி. கோடு ஏறியது, காசையும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தால் போன் வருகிறது: "தம்பி, கோடெல்லாம் இருக்கு. டீச்சர் மூஞ்சிதான் நகர மாட்டேங்குது."

இன்னும் பெரிய யாகியாக மாற்றினேன். சரிப்படவில்லை. அப்புறம்தான் உச்சகட்டம்: ஒரு ஸ்பிளிட்டர் வாங்கி, ஒரே ஆன்டெனாவை இரண்டு துளைக்கும் பிரித்துக் கொடுத்தேன். இருந்த வேகமும் குறைந்தது. மூன்று நாள், என் கைக்காசு 260 வெள்ளி, அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கம். தம்பி தொங்கவிட்டிருந்ததும் அதே ஸ்பிளிட்டர்தான். இப்போது எங்கே அதைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும்.

விஷயம் இதுதான். டவரிலிருந்து கிளம்பும் அலை நேராக மட்டும் வருவதில்லை. தகரக் கூரையில், ஆலைச் சுவரில், தண்ணீர்த் தொட்டியில் பட்டுச் சிதறிப் பல வழியில் வருகிறது. முன்பு இதை எதிரொலித் தொல்லை என்று ஒதுக்கப் பார்ப்போம். 4ஜியோ இதை வைத்துத்தான் பிழைக்கிறது. டவர் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், இரண்டு தனித்தனித் தகவல் ஓட்டங்களை அனுப்பும். இரண்டும் கலந்துதான் வந்து சேரும். ஆனால் இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கலவை வேறு மாதிரி விழும். அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு ரூட்டர் இரண்டையும் பிரித்தெடுக்கும். கூடுதல் அலைவரிசை இல்லாமலே வேகம் இரு மடங்கு வரை போகும். மைமோ என்பது இதுதான்.

பள்ளிக் கணக்கில் x + y = 10 என்று மட்டும் கொடுத்தால் x என்னவென்று சொல்ல முடியாது. இன்னொரு வேறு சமன்பாடு வேண்டும். ஸ்பிளிட்டர் செய்வது, அதே சமன்பாட்டை இரண்டு தடவை எழுதிக் கொடுப்பது. போதாததற்குச் சிக்னலையும் பாதியாக்கி விடுகிறது.

(ஒரே அலைவரிசையில் பல ஓட்டங்களை அனுப்பும் இந்த யோசனைக்கு 1994-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். 2014-இல் மார்கோனி பரிசும் வாங்கினார். தேநீர்க் கடையில் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.)

இரண்டையும் நட்டமாக நிறுத்துவது

கடைசியில் இரண்டாவது ஆன்டெனா வாங்கினேன். அதையும் முதலாவதைப் போலவே செங்குத்தாக நிறுத்தினேன். பெரிய மாற்றமில்லை. மரங்களுக்கு மேலே குழாயை உயர்த்தி டவரை நேராகப் பார்க்க வைத்தால் சிதறி வரும் அலை குறைவு. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கலவைதான் விழும். அங்கே கைகொடுப்பது சாய்வு. டவர் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் 45 பாகை இடமும் வலமும் சாய்ந்த அலைகளாகத்தான் அனுப்புகின்றன. நீங்களும் ஒன்றை இடப்பக்கம் 45, மற்றதை வலப்பக்கம் 45 சாய்த்துப் பெருக்கல் குறி மாதிரி மாட்டுங்கள். அக்கா வீட்டில் அப்படித் திருப்பியதும் ரூட்டர் திரையில் ரேங்க் (எத்தனை ஓட்டம் வருகிறது என்ற எண்) 1 என்று இருந்தது 2 ஆனது. டீச்சரும் நகர்ந்தார்.

கோட்டை நம்புவது

கோடு பலத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. ரேங்க்கையும் எஸ்.ஐ.என்.ஆரையும் (இரைச்சல், குறுக்கீட்டோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்ற அளவு) பாருங்கள். பின்னது மோசமாக இருந்தால் டவர் தானாகவே ஒற்றை ஓட்டத்துக்கு இறங்கிவிடும். எத்தனை ஆன்டெனா மாட்டியும் பயனில்லை.

முதல் இடத்திலேயே நட்டை முடுக்குவது

1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர். ஒரு சாண் நகர்த்தினாலே கலவை மாறும். நட்டைத் தளர்வாக விட்டு, நாலு இடம் பார்த்துவிட்டு முடுக்குங்கள்.

மெல்லிசான நீளக் கேபிள்

பத்து மீட்டரில் பாதிக்கு மேல் சிக்னல் போய்விடும். தடித்ததை வாங்குங்கள், அல்லது ரூட்டரைக் கூரைக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள்.

ரூட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாள்

சமையலுக்கு வையுங்கள்.

எர்த் போடாமல் விடுவது

நம் ஊர் இடி தெரியும்தானே?