"வேணும்னே பண்றான் மிஸ்"

வளர்ச்சிச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் என்னிடம் அம்மாக்கள் அதிகம் சொல்வது இதைத்தான். சரி, வேணும்னே என்றால், என்ன வேணும்? ஏ.பி.ஏ.வில் (ஒரு பழக்கம் எதனால் வருகிறது என்று பார்த்து அதை மாற்றும் பயிற்சி முறை) முதல் வேலையே அதைக் கண்டுபிடிப்பதுதான். பேச்சு இன்னும் வராத ஆறு வயதுப் பையன் ஒருவன், தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வான். அவனை வைத்தே சொல்கிறேன்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் எதுவானாலும், சொல்லத் தெரியாத பிள்ளை கடித்தோ அடித்தோ காட்டலாம். பழக்கம் திடீரென்று தொடங்கியது என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இவனுக்கு அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் ஒரு நோட்டு. பக்கத்துக்கு மூன்று கட்டம்: முன்னால் நடந்தது, அவன் செய்தது, பின்னால் நடந்தது. ஓரத்தில் மணி. "கோபப்பட்டான்", "அடம் பிடித்தான்" என்று எழுதினால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவேன். கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும்: "வலது மணிக்கட்டைக் கடித்தான், பல் பதிந்தது." மூன்றாவது கட்டத்தில்தான் எல்லோரும் நழுவுவார்கள். "நான் ஒண்ணும் பண்ணல மிஸ்" என்பார் அம்மா. அதற்குள் பாட்டி போனைக் கையில் கொடுத்திருப்பார். திட்டியதையும் எழுதுங்கள், அதுவும் பின்னால் நடந்ததுதான்.

பத்து நாளில் 23 பதிவுகள். அதில் 17 மாலையில், எழுத உட்கார வைத்ததும். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் காலி.

பொதுவாகத் தேட வேண்டிய காரணங்கள் நான்கு: நம் கவனம் கிடைக்கிறது, பிடித்த பொருள் கிடைக்கிறது, பிடிக்காத வேலை போகிறது, அல்லது அந்தச் செயலே உடம்புக்கு ஏதோ தருகிறது. 1982-ல் அமெரிக்க நடத்தை ஆய்வாளர் பிரையன் இவாட்டாவும் அவர் குழுவும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட 9 பேரை, வேலை கொடுத்து, தனியே விட்டு, காயப்படுத்திக்கொண்டால் மட்டும் கவனித்து, சும்மா விளையாட விட்டு, 15 நிமிடம் 15 நிமிடமாகப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே காரணம் இல்லை என்பது அதில் தெரிந்தது. மருத்துவ மேற்பார்வையில் செய்தது அது. காயம் ஆழமாகப் படும் பிள்ளையிடம் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

எங்கள் நோட்டில் ஒரு சிக்கல். அவன் கடித்ததும் எழுத்து வேலையும் நின்றது, போனும் வந்தது. எதற்காகக் கடிக்கிறான்? பல் மணிக்கட்டுக்குப் போன நொடியே சோதனையை நிறுத்திவிடுவது என்று பேசிக்கொண்டு பிரித்துப் பார்த்தோம். ஒரு மாலை வேலையே இல்லை, போனை மட்டும் எடுத்து வைத்தோம். சிணுங்கினான், கடிக்கவில்லை. மறுநாள் போன் பக்கத்திலேயே இருந்தது, எழுதச் சொன்னோம். இரண்டாவது எழுத்திலேயே கை வாய்க்குப் போனது. மாற்றி மாற்றி மூன்று முறை பார்த்தும் அப்படியேதான். அவனுக்கு வேண்டியது போன் இல்லை, எழுதாமல் இருப்பது.

முன்பு அவன் படித்த பள்ளியில் கடித்தால் வராந்தாவில் உட்கார வைப்பார்களாம், தண்டனையாக. நோட்டுப் பார்வையில் அது தண்டனையா, பரிசா? காரணம் தெரியாமல் வைத்தியம் பார்த்தால் இப்படித்தான், நோயை நாமே வளர்ப்போம். "கண்டுகொள்ளாதீர்கள்" என்ற அறிவுரையும் கவனம் தேடும் பிள்ளைக்குப் பொருந்தலாம். இவனுக்கு அது இன்னும் வசதி.

அதனால் "போதும்" என்று ஒரு அட்டை செய்து மேசையில் ஒட்டினோம். தொட்டால் இரண்டு நிமிடம் ஓய்வு, கேள்வி கேட்காமல். முதல் வாரம் ஒரு எழுத்துக்கு ஒரு தடவை தொட்டான். "ஏமாத்துறான் மிஸ்" என்றார் அம்மா. கடிக்காமல் கேட்கிறானே, கொடுங்கள் என்றேன். ஓய்வுக்கு முந்தைய எழுத்துகளைப் பிறகு மெதுவாகக் கூட்டினோம்.

மீதி ஆறு பதிவுகள் இரவில், படுக்கையில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. அங்கே தப்பிக்க வேலையும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை, அட்டை உதவாது. அதற்குத் தனி நோட்டு போட்டிருக்கிறோம்.