இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? அறுவை சிகிச்சை இல்லாமல் சரிசெய்யும் வழி

இருமும்போதோ, வாய்விட்டுச் சிரிக்கும்போதோ, கனமாக எதையாவது தூக்கும்போதோ சில சொட்டுச் சிறுநீர் கசிவது பிள்ளை பெற்றவர்களிடமும் மாதவிடாய் நின்றவர்களிடமும் அதிகம். 'வயசானா இப்படித்தான்' என்று பேடு வைத்தே காலம் தள்ளுகிறவர்கள் எத்தனையோ பேர். அப்படி இருக்க வேண்டியதே இல்லை.

சிறுநீர்ப்பையையும் அதிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயையும் இடுப்பின் அடியில் இருக்கும் தசைகள் தாங்குகின்றன. அவை தளர்ந்துவிட்டால், இருமும்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்தைக் குழாயால் தடுக்க முடிவதில்லை. அதனால் முதல் சிகிச்சையே அந்தத் தசைகளுக்கான பயிற்சிதான். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் இதைப் பற்றி எழுதினார். கீகல் பயிற்சி என்ற பெயர் அவரால் வந்தது.

படி 1: சரியான தசையைக் கண்டுபிடியுங்கள்

இதில்தான் பலர் தவறுகிறார்கள், அதனால் அவசரப்படாதீர்கள். முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை இறுக்கி, அப்படியே சிறுநீரையும் அடக்குவதுபோல் முன்பக்கம் வரை உள்ளே, மேலே இழுங்கள். பிட்டம், தொடை, வயிறு எதுவும் இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே ஏற வேண்டும். வெளியே புடைத்தால் நீங்கள் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். அது கசிவைக் கூட்டத்தான் செய்யும்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

படி 2: தினமும் மூன்று வேளை

இறுக்கி, முடிந்த அளவு பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்துங்கள். ஆரம்பத்தில் 3 விநாடி போதும், மெல்ல 10 விநாடி வரை கூட்டலாம். ஒரு வேளைக்கு குறைந்தது 8 முறை. அப்புறம், சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவதைச் சில முறை செய்யுங்கள். தும்மல் வரும் நேரத்தில் உதவுவது இந்த வேகம்தான். படுத்துச் செய்ய வந்ததும் உட்கார்ந்தும் நின்றும் செய்யுங்கள். நாம் இருமுவதும் தூக்குவதும் பெரும்பாலும் நின்றுகொண்டுதானே.

குறைந்தது 3 மாதம் தொடர வேண்டும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

படி 3: இருமலுக்கு முன்னால் இறுக்குங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இருமல் வருவது தெரிந்த உடனே தசையை இறுக்கி, இருமி முடிக்கும்வரை விடாதீர்கள். எதையாவது தூக்குவதற்கு முன்னாலும் இப்படித்தான். பழகிவிட்டால் உடம்பு தானாகச் செய்யும்.

படி 4: அழுத்தத்தைக் குறையுங்கள்

உடல் எடை அதிகமாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே கசிவு குறையும். மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், புகைப்பழக்கம் மூன்றையும் கவனியுங்கள். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் தரும், மலச்சிக்கலும் கூடும்.

பயிற்சி பிடிபடவில்லையென்றால் இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். தசை இறுகுவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் கருவி கொண்டும் கற்றுத் தருவார்கள். யோனிக்குள் வைத்துக் குழாயைத் தாங்கும் பெசரி என்ற சிலிக்கான் வளையமும் உண்டு. ஓடும்போதும் உடற்பயிற்சியின்போதும் மட்டும் கசிகிறவர்களுக்கு அது நல்ல துணை. அளவு பார்த்து மருத்துவர்தான் பொருத்த வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் யோனி வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், அடிக்கடி தொற்று, சிறுநீர் கழிக்கச் சிரமம், யோனியில் ஏதோ இறங்கி வருவதுபோன்ற உணர்வு, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.